சிங்கிள் காயில் கிட்டார்: தேர்வும் செட்டப்பும், அளவுகளோடு

ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி வரும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மேல் ஃபிரெட்டுகளில் (கழுத்தின், அதாவது நெக்கின், குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மிகத் தடித்த ஆறாவது தந்தி சுருதியில் நிற்பதில்லை. மூன்றாவது தந்தி மட்டும் தனியாகக் கத்துகிறது. பிரிட்ஜ் பிக்கப் (தந்திகள் உடலில் முடியும் பிரிட்ஜை ஒட்டி நின்று, அவற்றின் அசைவை மின்சிக்னலாக்கும் பாகம்) காதைக் குத்துகிறது. உறுமல் தாங்க முடியவில்லை. பழி எல்லாம் பிக்கப் மேல் விழுகிறது. அடுத்த வேலையாகப் புது பிக்கப் செட் தேடப்படுகிறது. ஆனால் இந்த நான்கில் முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் பிக்கப்பின், அல்லது அதிலுள்ள காந்தத் தண்டின், உயரம்தான் காரணம். மூன்றாவது ஒரு சின்ன ஒயர் இணைப்பில் அடங்கிவிடும். நான்காவதில் பாதியைத்தான் நீக்க முடியும். மீதி, சிங்கிள் காயில் என்ற ஒற்றைச் சுருள் பிக்கப்போடு கூடப் பிறந்தது.

அதனால் வரிசை முக்கியம். நெக், தந்தி உயரம், இன்டொனேஷன் (ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரமும் சுருதியில் நிற்பது), அதன் பிறகே பிக்கப். நெக் வளைந்திருக்கும்போது பிக்கப் உயரத்தை வைத்தால், நெக்கைச் சரிசெய்ததும் அந்த அளவு கெட்டுவிடும். எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

பிக்கப்புக்குள் இருப்பது

பழைய பாணி சிங்கிள் காயிலில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஓர் அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தத் தண்டு நிற்கும். அந்த ஆறு தண்டுகளையும் சுற்றி, தலைமுடிபோல மெல்லிய 42 கேஜ் எனாமல் செப்புக் கம்பி ஏழாயிரத்து ஐந்நூறிலிருந்து எட்டாயிரம் சுற்று வரை சுற்றப்பட்டிருக்கும். டி.சி. மின்தடை பெரும்பாலும் 5.5 முதல் 6.5 கிலோ ஓம். இன்னொரு வகையில் தண்டுகள் வெறும் எஃகு. அடியில் ஒட்டிய செராமிக் காந்தப் பட்டைதான் அவற்றுக்குக் காந்தம் ஏற்றும். ஆரம்பநிலை கிட்டார்களில் இது அதிகம். செராமிக் என்றாலே மட்டம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஒலி சற்றுக் கூர்மையாக இருக்கும். உயரத்தைக் கொஞ்சம் இறக்கினால் நன்றாகவே பாடும்.

இந்தக் காயில் தந்தியின் அசைவை எடுப்பதுபோலவே, அறையில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், டிம்மர் எல்லாவற்றின் காந்தப்புலத்தையும் சேர்த்தே எடுக்கிறது. மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 50, 60 உள்ள இடத்தில் 60, கூடவே அவற்றின் மடங்குகள். ஹம்பக்கரில் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்கள் இதை அழித்துக்கொள்கின்றன. ஒற்றைக் காயிலுக்கு அந்த வசதி கிடையாது. சிங்கிள் காயில் வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

வாங்கும்போது

ஆம்ப்பில் சொருகுவதற்கு முன்பே பாதி முடிவு தெரிந்துவிடும். ஹெட்ஸ்டாக் (தந்தி முறுக்கும் ஆணிகள் உள்ள தலைப்பகுதி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி, நெக்கின் இரு விளிம்புகளையும் பிரிட்ஜ் வரை பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி லேசாக முன்வளைந்திருந்தால் கவலையில்லை. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு விளிம்பு மேலேயும் மற்றது கீழேயும் போனால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ட்ரஸ் ராடால் முறுக்கத்தை எடுக்க முடியாது. அந்தக் கிட்டாரை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து ட்ரஸ் ராட் நட்டில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசிவரை இறுக்கியும் நெக் வளைந்தே இருந்தால் பிரச்சினை பெரியது. ஒன்றாவது, ஆறாவது தந்திகள் ஃபிரெட்போர்டின் விளிம்பிலிருந்து சமதூரத்தில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். ஒரு தந்தி விளிம்போரமாக ஓடினால் நெக், உடலில் அது உட்காரும் குழியில் (பாக்கெட்) சாய்ந்திருக்கலாம். நான்கு போல்ட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, நெக்கை மெல்ல நகர்த்தி இறுக்கினால் பல சமயம் சரியாகிவிடும். ஆகவே இதை மட்டும் வைத்துக் கிட்டாரை நிராகரிக்க வேண்டாம்.

ஃபிரெட் முனைகள் கையைக் கீறுகின்றனவா என்று நெக்கின் இருபுறமும் விரலை ஓட்டிப் பாருங்கள். கீறினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். முனைகளை அரத்தால் மழுக்கிவிடலாம். எழும்பி நிற்கும் ஃபிரெட் அதைவிடத் தொல்லை. மூன்று ஃபிரெட்டுகளின் மேல் மட்டும் உட்காரும் அளவுக்கு ஒரு நேர்விளிம்பை வையுங்கள். அது ஆடினால் நடு ஃபிரெட் உயரம்.

ஃபிரெட்போர்டின் ரேடியஸ் (அதன் குறுக்கு வளைவின் ஆரம்) ருசி சம்பந்தப்பட்டது என்றாலும் விளைவு கணக்கில் தெரியும். 7.25 அங்குலம் கார்டு பிடிக்க இதமாக இருக்கும். ஆனால் தந்தியை இழுத்து வாசிக்கும்போது, உயரம் குறைவாக இருந்தால் மேல் ஃபிரெட்டுகளில் ஸ்வரம் அடைத்துக்கொள்ளும். 9.5 அங்குலம் நடுவாந்திரம். முதல் கிட்டார் வாங்குபவருக்கு 9.5 அல்லது 12 என்றே சொல்வோம்.

இப்போது ஆம்ப்பில் சொருகுங்கள், க்ளீன் (சிதைவில்லாத) ஒலியில். ஐந்து நிலை ஸ்விட்சில் பிரிட்ஜை 1 என்றும் நெக்கை 5 என்றும் வைத்துக்கொள்வோம். 1, 3, 5 மூன்றிலும் உறுமல் இருக்கும். 2, 4 இரண்டிலும் அது சட்டென்று அடங்கினால், நடுப் பிக்கப் எதிர்க்காந்தத்தோடு எதிர்ச்சுற்றாகவும் செய்யப்பட்டிருக்கிறது. இது பெரிய வசதி. பழைய பாணியை அப்படியே பின்பற்றிய மாடல்களில் இது இருக்காது. அங்கே உறுமல் ஐந்து நிலையிலும் வரும். 2, 4 நிலைகளில் ஒலி மெல்லிசாக, மூக்கடைத்து, பலமில்லாமல் வந்தால் அது வேறு விஷயம்: ஒரு பிக்கப், மற்றதன் சிக்னலை அழிக்கும்படி தலைகீழ் கட்டத்தில் (ஃபேஸ்) இணைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியும்.

தந்தியைத் தொடுங்கள். கரகரப்பு குறைந்தால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் வேலை செய்கிறது. தொட்டால் அதிகமாகிறது என்றால் ஜாக்கில் சிக்னலும் எர்த்தும் மாறியிருக்க வாய்ப்புண்டு.

மல்டிமீட்டர் கையில் இருந்தால் பிக்‌கார்டைக் கழற்றாமலே பிக்கப்பைச் சோதிக்கலாம். கேபிளை ஜாக்கில் சொருகி, மறுமுனையின் நுனிக்கும் உடலுக்கும் இடையே 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். வால்யூம் முழுக்க. 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (குமிழின் அடியில் உள்ள மாறுமின்தடை) பிக்கப்புக்கு இணையாக நிற்பதால் 6.0 கிலோ ஓம் பிக்கப் 5.86 என்று காட்டும். 2, 4 நிலைகளில் இரண்டு பிக்கப்புகள் இணையாகச் சேர்வதால் சுமார் 3 கிலோ ஓம். அந்த அளவில் மீட்டர் எதுவும் காட்டாமல் எல்லை தாண்டினால் அந்த நிலையின் காயில் அறுந்திருக்கலாம். மீட்டரை 2 மெகா ஓம் அளவுக்கு மாற்றி, 250 கிலோ ஓம் காட்டினால் உறுதி. பூஜ்யத்தருகே வந்தால் எங்கோ ஷார்ட். 5.8-க்கும் 6.0-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செம்பின் மின்தடை வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.4 சதவீதம் கூடும். பத்து டிகிரி மாறினாலே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

கடைசியாக, பிளாஸ்டிக் பிக்கின் முனையால் பிக்கப் உறையை லேசாகத் தட்டுங்கள். மெல்லிய தட்டல் கேட்பது இயல்பு. மைக்கில் தட்டியதுபோல ஓங்கிக் கேட்டால் காயிலில் மெழுகு ஏறவில்லை. அதிக ஒலியில் வீறிடும்.

மேசையில்

இங்கே எடுத்துக்கொண்ட கிட்டார்: 25.5 அங்குல ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்), அதாவது 648 மி.மீ.; 9.5 அங்குல ரேடியஸ், 22 ஃபிரெட், ஆறு திருகு ட்ரெமலோ (கைப்பிடியால் அசையும் பிரிட்ஜ்), மூன்று அல்நிகோ சிங்கிள் காயில், 9–42 தந்தி (மெல்லிய, தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காக). மேசைக்கு வந்தபோது எட்டாவது ஃபிரெட்டில் நெக் வளைவு 0.50 மி.மீ. பதினேழாவது ஃபிரெட்டில் ஆறாவது தந்தி 2.3, ஒன்றாவது 2.0 மி.மீ. பிரிட்ஜ் தகட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து 4 மி.மீ. தூக்கி நின்றது. மூன்று பிக்கப்பும் தந்திக்கு 1.5 மி.மீ. நெருக்கத்தில் இருந்தன. ஆறாவது தந்தியின் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிளந்து அலையடித்தது. ஜாக் வழியாக எடுத்த மின்தடை: நெக் 5.8, நடு 5.9, பிரிட்ஜ் 6.1. பிக்கப்பில் எந்தக் கோளாறும் இல்லை.

கருவிகள்: 0.25 மி.மீ. இதழ் உள்ள ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), அரை மி.மீ. கோடுள்ள எஃகு அளவுகோல், ட்ரஸ் ராடுக்குப் பொருந்தும் ஆலன் கீ, சாடிலுக்கு (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் படியும் சிறு துண்டு) 1.5 மி.மீ. அல்லது 0.050 அங்குல ஆலன் கீ, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கேப்போ (தந்திகளை ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) காட்டும் ட்யூனர். அங்குல அளவு நட்டில் மில்லிமீட்டர் கீயைப் போட்டுத் திருகினால் உள்மூலைகள் மழுங்கிவிடும். ட்ரஸ் ராட் நட்டில் அது நடந்தால் நெக்கையே இழக்க நேரிடும், ஆகவே கீ இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகே திருகுங்கள்.

வேலையைப் புதுத் தந்தியோடு தொடங்குங்கள். பழைய தந்தியில் இன்டொனேஷன் பார்ப்பது வீண். தேய்ந்த தந்தியின் எடை நீளம் முழுக்க ஒரே சீராக இருக்காது. மாட்டும் முன் நட்டின் (ஹெட்ஸ்டாக் அருகே தந்திகள் படியும் பட்டை) பள்ளங்களில் மென்மையான பென்சிலால் கிராஃபைட் தடவுங்கள். சுருதி சேர்க்கும்போது "டிக்" என்று சத்தம் வந்து சுருதி தாவினால், தந்தி பள்ளத்தில் சிக்கி நிற்கிறது; ட்ரெமலோ வைத்து வாசித்ததும் சுருதி போவதற்கு முதல் காரணம் இதுதான். மாட்டிய தந்தியை விரலால் மெல்ல இழுத்து, திரும்பச் சேர்த்து, இழுத்தும் சுருதி இறங்காத வரை செய்யுங்கள்.

ட்ரெமலோ. தந்திகளைத் தளர்த்தி, ஆறு திருகுகளையும் பிரிட்ஜ் தகட்டுக்கு மேல் சுமார் 1.6 மி.மீ. நிற்கும்படி தூக்குங்கள். பிறகு இரண்டு ஓரத் திருகுகளை மட்டும் தகட்டின் மேல்மட்டத்தைத் தொடும்வரை இறக்குங்கள். இப்போது பிரிட்ஜ் அந்த இரண்டில் அசையும், நடு நான்கும் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும். ஆறையும் இறுக்கிவிட்டால் பிரிட்ஜ் திரும்பி வரும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்ப்ரிங் மாட்டிய கொக்கித் தகட்டின் இரண்டு திருகுகளையும் சமமாக இறுக்கினால் பிரிட்ஜ் இறங்கும். இந்தக் கிட்டாரில் மூன்று ஸ்ப்ரிங்; 4 மி.மீ. இடைவெளியை 3 மி.மீ.-க்குக் கொண்டுவந்தோம். 2.4 முதல் 3.2 மி.மீ. வரை இருந்தால் போதும். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் சுருதி மாறும், ஆகவே திருகு, சுருதி சேர், அள என்ற சுழற்சியிலேயே போக வேண்டும். பொறுமை கெட்டு ஒரேயடியாக இறுக்கினால் அளவு தாண்டிப்போய்த் திரும்ப வர வேண்டியிருக்கும். ட்ரெமலோவே வேண்டாதவர் ஐந்து ஸ்ப்ரிங்கும் போட்டு, தகடு உடலில் படியும்வரை இறுக்கிக்கொள்ளலாம். சுருதி நிலைத்து நிற்கும்.

நெக் வளைவு. முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு, ஆறாவது தந்தியை நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டில் அழுத்துங்கள். எட்டாவது ஃபிரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் இடையே ஃபீலர் கேஜை விடுங்கள். 9.5 முதல் 12 அங்குல ரேடியஸுக்கு 0.25 மி.மீ.; 7.25-க்கு 0.30, 15-க்கு மேல் 0.20. இவை ஃபெண்டர் வெளியிட்டுள்ள தொடக்க அளவுகள், பெரும்பாலானோருக்குப் பொருந்தும். வலஞ்சுழியாகத் திருகினால் ராட் இறுகி வளைவு குறையும். ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும். பிறகு சுருதி சேர்த்து அளவெடுங்கள். மரம் உடனே முழுதாக அசையாது. ஆகவே அடுத்த நாள் ஒரு முறை மறுபடி பாருங்கள். இங்கே இரண்டு கால் சுற்றில் 0.50 என்பது 0.25 ஆனது. கீ திரும்பவே மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். தந்திகளைத் தளர்த்தி, நெக்கின் நடுவைக் கையால் மெல்லத் தாங்கியபடி முயலுங்கள்.

தந்தி உயரத்தைக் குறைக்க ட்ரஸ் ராடைத் திருகுவது பரவலான பழக்கம். உயரம் இறங்கும், கூடவே நடு ஃபிரெட்டுகள் உரசத் தொடங்கும். ராட் வளைவுக்கு, சாடில் உயரத்துக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது.

சாடில். நெக் நேரானதும் பதினேழாவது ஃபிரெட் அளவு 2.2, 1.9 என்று தானாகவே சற்று இறங்கியிருந்தது. ஆறாவதுக்கு 1.8, ஒன்றாவதுக்கு 1.6 மி.மீ. இலக்கு. இங்கே ஒரு கணக்கு உதவும்: நட்டிலிருந்து பதினேழாவது ஃபிரெட் வரை ஸ்கேலின் 62.5 சதவீதம். அதனால் சாடில் 1 மி.மீ. இறங்கினால் அங்கே தந்தி சுமார் 0.63 மி.மீ.தான் இறங்கும். ஆறாவது தந்தியை 0.4 இறக்க சாடிலை 0.64 இறக்க வேண்டும். எம்3 திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், ஆக ஒன்றேகால் சுற்று. ஒன்றாவது தந்திக்கு 0.3 இறங்க, ஏறத்தாழ ஒரு சுற்று. சாடிலின் இரண்டு திருகுகளையும் சமமாகத் திருகுங்கள். சாடில் சாய்ந்தால் தந்தி பக்கவாட்டில் வழுக்கும்.

நடுவில் உள்ள நான்கு தந்திகளும் ஃபிரெட்போர்டின் வளைவை ஒட்டியே போக வேண்டும். பிரிட்ஜில் இரண்டு ஓரத் தந்திகளுக்கும் இடையே சுமார் 52 மி.மீ. இருந்தால், 9.5 அங்குல ரேடியஸில் 2, 5 தந்திகள் 3, 4-ஐவிடச் சுமார் 0.45 மி.மீ. தாழவும், 1, 6 தந்திகள் சுமார் 1.35 மி.மீ. தாழவும் இருக்கும். ரேடியஸ் கேஜ் இல்லாதவர் அட்டையில் 241 மி.மீ. ஆரத்தில் வில் வரைந்து வெட்டித் தந்திகளுக்கு அடியில் பிடித்துப் பார்க்கலாம். பலன் ஒன்றுதான்.

சாடில் தகட்டில் முட்டியும் தந்தி இன்னும் உயரமாக இருந்தால் நெக் கோணம் போதவில்லை. நெக் பாக்கெட்டின் பின்முனையில், அதாவது பிரிட்ஜ் பக்கம், 0.25 மி.மீ. ஷிம் (மெல்லிய அடைத்துண்டு) வைத்தால் சாடிலை ஏறத்தாழ 0.8 மி.மீ. தூக்க இடம் கிடைக்கும். ஒரு முனையில் மட்டும் அட்டைத் துண்டு வைப்பதைவிடப் பாக்கெட் முழுக்கப் படியும் சரிவான மர ஷிம் நல்லது.

நட்டைச் சோதிப்பது எளிது. இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டுகளுக்கு நடுவே தந்தியை அழுத்தி, முதல் ஃபிரெட்டின் மேல் விரலால் தட்டுங்கள். மயிரிழை இடைவெளியில் "டிக்" கேட்க வேண்டும். கண்ணுக்கே இடைவெளி தெரிந்தால் பள்ளம் உயரம். முதல் நிலைக் கார்டுகள் சுருதி ஏறி ஒலிக்கும். தந்தி ஃபிரெட்டில் படிந்தே கிடந்தால் பள்ளம் ஆழம், திறந்த தந்தி உரசும். நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். அளவான அரம் இல்லாமல் இதில் கைவைக்க வேண்டாம்.

இன்டொனேஷனை இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அதே ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் நெக் பக்கம். தினமும் வாசிக்கும் அழுத்தத்திலேயே அழுத்துங்கள். இறுக்கிப் பிடித்தால் 9 கேஜ் தந்தி சில சென்ட் ஏறிவிடும். ஒரு சென்டுக்குள் வந்தால் போதும். ஆறாவது தந்தி எவ்வளவு சாடிலை நகர்த்தியும் பிடிகொடுக்காமல் ட்யூனர் முள் அலைபாய்ந்தால் நிறுத்துங்கள். காந்தம் தந்தியை இழுக்கிறது. பிக்கப்பைத் தற்காலிகமாக நன்றாக இறக்கிவிட்டுத் தொடருங்கள். இந்தக் கிட்டாரில் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

பிக்கப் உயரம்

இனித்தான் ஒலி மாறும் இடம். அல்நிகோ தண்டு காயிலுக்குள்ளேயே காந்தமாக நிற்பதால், தந்தியை அது நேரடியாக இழுக்கிறது. நெருங்க நெருங்க சிக்னல் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் தந்தியின் அசைவே கெடும். மேலும் கீழுமான அசைவுக்கும் பக்கவாட்டு அசைவுக்கும் சுருதி வேறுபட்டு, ஒரே ஸ்வரம் இரண்டாகக் கேட்கும். ஒலி நீடிக்கும் நேரமும் குறையும். தடித்த தந்தியில், மேல் ஃபிரெட்டுகளில், நெக் பிக்கப்பருகில் இது மோசம். பிக்கப்பைத் தூக்கினால் சத்தம் கூடும் என்பது மெய்தான். ஆனால் அந்தச் சத்தத்தை ஆம்ப்பின் குமிழ் இலவசமாகத் தரும். இழந்த ஸ்வரத்தை ஆம்ப் திருப்பித் தராது.

அளப்பது இப்படி: ஆறாவது தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்தி, தண்டின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் இடைவெளியைப் பாருங்கள். அடுத்து ஒன்றாவது தந்தி. பழைய பாணி அல்நிகோவுக்குத் தொடக்க அளவு ஆறாவது பக்கம் 2.4, ஒன்றாவது பக்கம் 2.0 மி.மீ. அதிகச் சுற்றுள்ள, வலுவான சிக்னல் தரும் பிக்கப்புகளுக்கு 3.2, 2.4. எஃகுத் தண்டுச் செராமிக்குக்கும் 2.4, 2.0 என்றே தொடங்கலாம்.

மூன்று பிக்கப்பையும் அந்த அளவில் வைத்துவிட்டு, காதால் முடியுங்கள். ஆம்ப் க்ளீன், கம்ப்ரெஸர் அணைந்து, டோன் முழுக்க. முதலில் நெக் பிக்கப்பில் ஆறாவது தந்தியைப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை ஒவ்வொரு ஃபிரெட்டாக மீட்டி, மூன்று நான்கு விநாடி நீளவிட்டுக் கேளுங்கள். அலை கேட்டால் அந்தப் பக்கத் திருகை அரைச் சுற்று இறக்குங்கள், மறுபடி கேளுங்கள். அலை மறையும் இடத்திலிருந்து இன்னொரு அரைச் சுற்று இறக்கி நிறுத்துங்கள். பிறகு நடுப் பிக்கப்பில் இதையே செய்து, கடைசியாகப் பிரிட்ஜுக்கு வாருங்கள். பிரிட்ஜ் அருகே தந்தியின் ஊசலாட்டம் சிறியது, அதனால் பிரிட்ஜ் பிக்கப் மற்ற இரண்டையும்விட நெருக்கமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஒரே கார்டை ஒரே பலத்தில் மீட்டி ஸ்விட்சைத் தள்ளும்போது சத்தம் எகிறாமல், குணம் மட்டும் மாறினால் சமநிலை வந்துவிட்டது. சத்தம் வேறுபட்டால் பலவீனமானதைத் தூக்குவதைவிட வலுவானதை இறக்கிப் பாருங்கள்.

இந்தக் கிட்டாரில் நின்ற அளவுகள், ஆறாவது பக்கம் முதலிலும் ஒன்றாவது பக்கம் பின்னும்: நெக் 2.9, 2.3. நடு 2.6, 2.1. பிரிட்ஜ் 2.3, 1.8. அலை போனது. 2, 4 நிலைகளில் வரும் அந்தக் கண்ணாடிபோன்ற ஒலி தெளிந்தது. அந்த ஒலி இரண்டு பிக்கப்புகளின் பலமும் நெருங்கி இருந்தால்தான் முழுதாக வரும்.

மூன்றாவது தந்தி மட்டும் ஓங்கி ஒலிப்பது ஏன்? ஸ்ட்ராட் வந்த 1954 காலத்தில் மூன்றாவது தந்தி சுற்றுத் தந்தி. அதன் எஃகு உள்ளீடு மெல்லியது, சிக்னல் குறைவு. அதை ஈடுகட்ட அந்தத் தண்டு உயரமாக வைக்கப்பட்டது. இன்று பெரும்பாலோர் மாட்டுவது சுற்றில்லாத மூன்றாவது தந்தி. உயரத் தண்டு அப்படியே இருப்பதால் அது கத்துகிறது. இதற்கு மொத்தப் பிக்கப்பையும் சற்று இறக்குவது பாதித் தீர்வு. தூரம் கூடக்கூடத் தண்டு உயர வேறுபாட்டின் பங்கு குறையும். முழுத் தீர்வு, தண்டுகள் சம உயரத்தில் உள்ள பிக்கப். தண்டைச் சுத்தியலால் தட்டி இறக்கலாம் என்ற யோசனை எங்காவது கண்ணில் பட்டால் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய பாணி பிக்கப்பில் கம்பி நேராகக் காந்தத்தின் மேலேயே சுற்றப்பட்டிருக்கிறது. தண்டு அரை மி.மீ. நகர்ந்தாலே உள்சுற்றுக் கம்பி அறுந்து பிக்கப் செத்துவிடும்.

திருகினாலும் பிக்கப் ஏறவில்லை என்றால் அடியில் உள்ள ஸ்ப்ரிங் அல்லது ரப்பர் குழாய் தளர்ந்துவிட்டது. 10 முதல் 12 மி.மீ. நீள சிலிக்கான் குழாய்த் துண்டுகளை மாற்றிப் போடுங்கள்.

உறுமலும் ஒயரும்

உறுமலைக் குறைக்க இறங்கும் முன் எந்த உறுமல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிட்டாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் ஓங்கி மற்றொரு திசையில் அடங்கினால் அது காந்தப்புலம், காயிலே வாங்குவது. செப்புத்தாள் இதைத் தடுக்காது. ஆம்ப்பிலிருந்து தள்ளி நிற்பதும், 2, 4 நிலைகளும்தான் வழி; அதுவும் போதாவிட்டால் இரட்டைக் காயில் அடுக்கிய சத்தமில்லாப் பிக்கப். திரும்பினாலும் மாறாத, தந்தியைத் தொட்டால் குறையும் ஜிர்ரென்ற கரகரப்பு மின்புலத்தால் வருவது. இதை ஷீல்டிங் நன்றாகவே அடக்கும்.

ஷீல்டிங்குக்குப் பசையும் மின்கடத்தும் செப்புத்தாள் வாங்குங்கள். பிக்கப் குழி, கண்ட்ரோல் குழி, பிக்‌கார்டின் பின்புறம் மூன்றையும் மூடி, பிக்‌கார்டு தாளும் குழித் தாளும் விளிம்பில் ஒன்றையொன்று தொடும்படி ஓர் ஓரத்தை மேலே மடித்துவிடுங்கள். தாள்கள் சேரும் இடங்களில் ஒரு பொட்டு ஈயம். எந்த இரண்டு மூலையிலும் மீட்டர் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். ஓர் ஒயரால் அதை வால்யூம் பாட்டின் முதுகோடு எர்த் செய்யுங்கள். மூடிய பிறகு சத்தமே வரவில்லை என்றால், பெரும்பாலும் ஜாக்கின் நுனித் தகடோ ஸ்விட்சின் காலோ (ஒயர் இணைக்கும் முனை) தாளில் முட்டுகிறது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றியவருக்கு ஒலி மெலியும் சிக்கல் வரலாம். முதலில் காம்பஸால் காந்தத் துருவத்தைப் பாருங்கள்: நெக், பிரிட்ஜ் இரண்டும் ஒரே முனையை இழுக்க வேண்டும், எதிர்ச்சுற்று நடுப் பிக்கப் மறுமுனையை. துருவம் சரி, ஆனாலும் 2, 4 மெலிகிறது என்றால் அந்தப் பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் சால்டர் செய்தால் போதும். டெலி (ஃபெண்டர் டெலிகாஸ்டர்) வகையின் உலோக மூடியிட்ட நெக் பிக்கப்பில் மட்டும் எச்சரிக்கை: மூடி எர்த் ஒயரோடு பிணைந்திருக்கும். மாற்றும் முன் மூடிக்குத் தனி எர்த் ஒயர் போடாவிட்டால், மூடியே சிக்னல் ஒயரோடு சேர்ந்து உறுமும்.

காதைக் குத்தும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு வருவோம். பழைய ஸ்ட்ராட் இணைப்பில் முதல் டோன் நெக்குக்கு, இரண்டாவது நடுவுக்கு, பிரிட்ஜுக்கு டோனே கிடையாது. ஸ்விட்சின் டோன் பக்கத்தில், நடுப் பிக்கப் காலிலிருந்து பிரிட்ஜ் காலுக்கு இரண்டு சென்டிமீட்டர் ஒயர் ஒன்று போட்டால் இரண்டாவது டோன் இரண்டுக்கும் வேலை செய்யும். டோனை 7-க்கு இறக்கி வாசித்துப் பாருங்கள். இந்தக் கிட்டாரில் செய்த மாற்றங்களில் செலவே இல்லாதது இது, கேட்பவர் முதலில் கவனிப்பதும் இதுதான்.

வால்யூமை 7-க்கு இறக்கினால் ஒலி மந்தமாகிறது என்றால், கேபிளின் மின்தேக்கம் உயர் அதிர்வெண்களை விழுங்குகிறது. வால்யூம் பாட்டின் உள்கால், வெளிகால் இரண்டுக்கும் இடையே 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 680 பிக்கோ ஃபேரட் கெப்பாசிட்டரையும் இணையாகப் போடுங்கள். டோன் கெப்பாசிட்டர் 0.022 மைக்ரோ ஃபேரட் போதும். 0.047 போட்டால் டோனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும்போது அதிகம் மழுங்கும். பத்தில் வைத்து வாசிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. 500 கிலோ ஓம் பாட் சிங்கிள் காயிலுக்குக் கூர்மை கூட்டும், ஆகவே காது குத்துகிறது என்பவர் பாட் மதிப்பையும் ஒரு முறை அளக்கட்டும்.

சால்டர் செய்ய ரோசின் உள்ள ஈயம், 40 வாட் சால்டரிங் இரும்பு. பாட்டின் முதுகைச் சற்றுச் சுரண்டிவிட்டு ஈயம் வைத்தால் உடனே பிடிக்கும். இல்லாவிட்டால் நெடுநேரம் சூடாக்கிப் பாட்டின் உள்தடம் கெடும். மூடும் முன் கேபிளைச் சொருகி, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு பிக்கப்பையும் மெல்லத் தொட்டு, ஐந்து நிலையும் சரியாகப் பிரிகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னர் 10–46 தந்திக்கு மாறினால் இழுவை கூடும்: பிரிட்ஜ் எழும்பும், நெக் முன்வளையும். கொக்கித் தகட்டைச் சுமார் ஒரு சுற்று இறுக்கி பிரிட்ஜை 3 மி.மீ.-க்குக் கொண்டுவந்த பிறகே நெக் வளைவை அளக்கவும். நட் பள்ளம் தடித்த தந்தியைப் பிடித்துக்கொள்கிறதா என்று பார்த்து, இன்டொனேஷனை ஆறு தந்திக்கும் புதிதாக வைக்கவும். தடித்த தந்தி கூடுதல் சிக்னல் தரும். நெக் பிக்கப்பை ஆறாவது பக்கம் கால் சுற்று இறக்கி, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் மறுபடி கேட்கவும்.